மாதரே மில்லத் பாத்திமா ஜின்னா

பாக்கிஸ்தானை ஸ்தாபித்த காயிதே ஆஜம் முஹம்மது அலி ஜின்னா அவர்களை அறியாதவர் நம்மில் இல்லை. சுமார் 19 வருஷ காலம் அவர்களுக்குத் துணையாகவும் ஆலோசகராகவும் இருந்த தங்கையின் சரித்திரத்தை அறிந்தவர்களோ சொற்பம்.

பாத்திமா அம்மையார் 1893 ஜூலையில் கராச்சியில் பிறந்தார்கள். தகப்பனார் ஜின்னாபாய் பூஞ்சா நம்மைப்போல் ஒரு வியாபாரி. அண்ணனுக்கும் தங்கைக்கும் 17 வயது வித்தியாசம். தகப்பனார் மௌத்தானபின் அண்ணனே பொறுப்பேற்று, 1902-ல் பம்பாய் பாந்த்ராவிலிருந்த கான்வெண்ட் பாடசாலையில் தங்கையைச் சேர்த்தார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்பிள்ளையை அவ்வாறு படிக்க வைக்க அக்காலத்தில் துணிந்தவர் வெகு சிலரே. பின்னர் அம்மையார் கல்கத்தாவில் பல் வைத்தியம் கற்று, 1923-ல் பம்பாயில் சொந்தமாக வைத்தியசாலை திறந்தார்கள்.

1929-ல் ஜின்னா அவர்களின் மனைவி காலமானார். தனித்துப்போன அண்ணனுக்காக அம்மையார் வைத்தியசாலையை மூடிவிட்டு அவர்கள் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஒரு தொழிலைத் தொடங்கி, வாடிக்கை பிடித்து, ஆறு வருஷம் நடத்தியபின் தம் கையாலேயே மூடுவது எத்தகையது என்பதைக் கடை வைத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அண்ணன் லண்டனில் வசித்த காலத்தில் அங்கேயும், பிறகு முஸ்லிம் லீக் சுற்றுப் பயணங்களிலும் உடன் சென்றார்கள். ஆகாரம், மருந்து, ஓய்வு யாவற்றையும் கவனித்ததோடு, அரசியல் விஷயங்களையும் அண்ணன் கலந்து பேசும் ஆளாக இருந்தார்கள். லீக்கில் பெண்களைத் திரட்டும் வேலையிலும் முன்னின்றார்கள்.

1948-ல் நோய் முற்றிய அண்ணனுக்கு ஜியாரத்திலும் குவெட்டாவிலும் பணிவிடை செய்தார்கள். செப்டம்பர் 11-ந் தேதி விமானத்தில் கராச்சி வந்திறங்கியபின், நோயாளி வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. வேறு வண்டி வரும்வரை புழுக்கத்தில் அண்ணன் பக்கத்திலேயே காத்திருந்தார்கள். அன்றிரவே ஜின்னா அவர்கள் வபாத்தானார்கள்.

அத்தோடு அம்மையார் ஒதுங்கிவிடவில்லை. 1965 ஜனவரி 2-ல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில், 71-வது வயதில், ஆட்சியிலிருந்த அயூப் கானை எதிர்த்து நின்றார்கள். வாக்குரிமை பெற்றிருந்தோர் 80,000 அங்கத்தினர் மட்டுமே. அம்மையார் தோற்றார்கள், ஆயினும் கராச்சியும் டாக்காவும் அவர்கள் பக்கம் நின்றன. 1967 ஜூலை 9-ல் காலமாகி, கராச்சியில் அண்ணன் கபுருக்கு அருகிலேயே அடக்கமானார்கள்.

பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் இருக்கும். உள்ளே கணக்குப் பார்த்து யோசனை சொல்பவர் வேறொருவராக இருப்பார். அந்த ஒருவர் நம் வீட்டில் யார் என்பதை அவர் உயிரோடிருக்கும்போதே அறிந்து மதிப்பது நம் கடமை.