பொன்னம்பலம் அருணாசலம்: மகனுக்கு இனிஷியலாகிப்போன மலையின் பெயர்

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டம் வந்தால் நம்மில் பலர் அப்பா பெயரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் அந்தப் பெயருக்கு நல்ல உதாரணம், இலங்கையின் பொன்னம்பலம் குடும்பம்.

கிரிவலம் போறவங்க அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் வரணும். அந்த மலைக்கு இன்னொரு பெயர் அருணாசலம். 1853-ல் கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அப்பா பொன்னம்பலம், அதாவது சிதம்பரம். அண்ணன் ராமநாதன், அதாவது ராமேஸ்வரம். ஒரே வீட்டுக்குள் மூணு தலம்!

கேம்பிரிட்ஜில் படித்த அருணாசலம், 1875-ல் போட்டித் தேர்வு எழுதி சிவில் சர்வீஸில் நுழைந்த முதல் இலங்கையர். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவர் இவர்தான். இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-லேயே சங்கம் வைத்துப் போராடினார்.

ஓய்வுக்குப் பிறகுதான் பெரிய வேலையே. சிங்களவர், தமிழர் எல்லாரையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர 1919-ல் இலங்கை தேசிய காங்கிரஸ் உருவானது. முதல் தலைவர் அருணாசலம். அதில் தமிழர்கள் சேர்ந்ததே, மேல் மாகாணத்தில் அவர்களுக்கு ஓர் இடம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் கொடுத்த வாக்கை நம்பித்தான். 1921-ல் அந்த வாக்கு காற்றில் போச்சு. தான் கட்டிய அமைப்பைவிட்டு அவரே வெளியேறினார். 1923-ல் இலங்கைத் தமிழர் லீக்கைத் தொடங்கினார். இலங்கை அரசியலில் இரு இனமும் பிரிந்து நடக்கத் தொடங்கிய இடம் இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். 1924 ஜனவரி 9-ல், இந்தியாவுக்கு யாத்திரை வந்த இடத்தில், மதுரையில் காலமானார்.

பெயர் என்னாச்சு? கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி இவருடைய தாய்மாமன் மகன். தாய் ஆங்கிலேயர், வளர்ந்தது இங்கிலாந்தில். அதனால் தாத்தா பெயரான குமாரசாமி அவருக்கு சர்நேமாகவே நிலைத்துவிட்டது. அருணாசலத்தின் மகனோ அருணாசலம் மகாதேவா. தாத்தா பொன்னம்பலம் பெயரில் இருந்தே காணாமல் போனார்.

1947 தேர்தலில் யாழ்ப்பாணத்தில் மகாதேவாவைத் தோற்கடித்தவர் ஜி.ஜி. பொன்னம்பலம். குழம்ப வேண்டாம், அது வேற குடும்பம். அங்கே மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் என்று பெயர் அப்படியே தங்கிவிட்டது.