ஒளியை ஆய்ந்த இராமன்

தோலில் தோன்றிய நோய் இன்னதெனத் தெளிய, மருத்துவர் சில வேளைகளில் அதன் சிறு துண்டை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். அறுக்காமல், ஒளியைப் பாய்ச்சியே தோலின் உள்நிலையை அறியும் வழிகளும் இன்று உள. அவற்றுள் ஒன்றற்கு வித்திட்டவர் தமிழ்நாடு ஈன்ற சர் சி. வி. இராமன் ஆவார்.

இவர் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அறிவியலையே தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அக்காலத்தில் நம் நாட்டில் அரிது. ஆதலின், நிதித்துறைத் தேர்வில் வென்று கல்கத்தாவில் அரசு அலுவலர் ஆனார். ஆயினும் ஆராய்ச்சி வேட்கை தணியவில்லை. அலுவல் போக எஞ்சிய பொழுதையெல்லாம் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலே கழித்தார். 1917இல் மிக்க ஊதியம் தந்த பதவியைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலநிறம் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அது வானத்தின் சாயலே என்பது அந்நாளைய அறிஞர் கொள்கை. இராமனோ, நீர்ப்பரப்பில் பட்டு மீளும் ஒளியைப் பட்டகம் ஒன்றால் விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என உணர்ந்தார்.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் கனிந்தது. கே. எஸ். கிருஷ்ணன் இவருக்குத் துணைநின்றார். ஒரு நிற ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி நிறம் மாறாது வரும். ஏறத்தாழக் கோடியில் ஒரு கூறே நிறம் மாறி வரும். கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடுதல்போல, அம்மாற்றமும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். இதுவே இராமன் விளைவு. இதற்காக 1930இல் இவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அம்மங்கிய ஒளியைக் கண்டறிதல் நெடுங்காலம் கடினமாயிருந்தது. 1960இல் லேசர் ஒளி தோன்றியபின் எளிதாயிற்று. பின்னர் மருத்துவத்திற்கும் பயன்படலாயிற்று. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிலூர்களில் எண்ணெயும் அமிலமும் கையாளுவோர்க்குத் தோல் அழற்சி நேர்தல் கூடும். அத்தகைய தோலின் மேலடுக்கில் ஈரமும் இயற்கைக் காப்புப் பொருள்களும் எவ்வளவு குன்றின என்பதை இம்முறை வலியின்றிக் காட்டவல்லது. தோற்புற்றை இனங்காணவும் இதனை ஆராய்ந்து வருகின்றனர். எனினும், புற்றை உறுதிசெய்ய அறுத்தாய்தலே இன்றும் தேவைப்படுகிறது.

1970 நவம்பர் 21ஆம் நாள் இராமன் மறைந்தார். கடல் ஏன் நீலமாயிற்று என்று இவர் வினவியபோது, அவ்வினா நோயாளிக்கு உதவும் என எவரும் எண்ணியிரார். மாணவர்களே! காண்பவற்றை வியப்பதோடு நில்லாது, காரணமும் வினவுங்கள். உண்மையை நாடும் வினா ஒருநாள் உலகிற்குப் பயன் தரும்.