சென்னை வானாய்வாளர் இரகுநாதாச்சாரியார்

வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு நம் ஈழத்து இல்லங்களில் இன்றும் தீர்ந்தபாடில்லை. திதியும் விரதமும் இரு பஞ்சாங்கங்களிலும் மாறி வரும்போது முதியோர் வாதிடக் கேட்டு வளர்ந்தவன் நான். அவ்வழக்கில் கண்ணாற் கண்ட வானத்தின் பக்கம் நின்ற ஒருவரின் வாழ்வையே ஈண்டுக் கூற விழைகின்றேன். அவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். (கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்து இரகுநாதையர் வேறொருவர்.)

1792இல் சென்னையில் எழுந்த வானாய்வு நிலையத்தில் இளமையிலேயே பணி ஏற்றார் ஆச்சாரியார். படிப்படியாக முதல் உதவியாளர் ஆனார். தலைமை வானியலறிஞராக 1861இல் வந்தவர் நார்மன் பாக்சன். இரவுதோறும் மீன்களின் இடத்தை அளந்து குறிப்பதே வேலை. புகழ் தராத வேலைதான். ஆயினும் அப்பொறுமையே 1867இல் பயன் தந்தது. தெற்கே ரெட்டிகுலம் என்னும் சிறு மண்டலத்தில் ஒரு மீன் ஒளி மாறுவதை அவர் கண்டறிந்தார். இன்று அதனை ஆர் ரெட்டிகுலி என்பர்.

முள்ளிவாய்க்கால் என்றதும் 2009ஆம் ஆண்டின் துயரமே எவர்க்கும் நினைவில் எழும். அக்கரையின் வானமும் நினைக்கத் தக்கதே. மாரி ஓய்ந்த தை மாத முன்னிரவில் அங்கு நின்று தெற்கே நோக்கினால் அகத்திய மீன் ஒளிரும். அதற்கு வலப்புறம் சற்றுத் தாழ, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 17 பாகை உயரத்தில், ஆச்சாரியாரின் மீன் உள்ளது. சென்னையில் அது இன்னும் தாழ்ந்தே தோன்றும். சுமார் 278 நாட்களுக்கு ஒருமுறை பெருகித் தேயும் அது, பெருகும்போது வெறுங்கண்ணின் எல்லையை எட்டும். தேயும்போது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும்.

மூப்பெய்திப் பருத்த மீன்களின் இயல்பு இது. அவை விம்மிச் சுருங்குகையில் மேற்புற வாயு வெளியே எழுந்து குளிர்ந்து துகளாகிறது. ஒளி அத்துகளைத் தள்ள, வாயுவும் உடன் செல்கிறது. மீன் தனித்திருந்தால் வாயு எப்பக்கமும் ஒப்பப் பரவும். அருகே துணைமீன் சுற்றினாலோ, அதன் ஈர்ப்பு வாயுவை இழுத்து வளைக்கும். பெருமீனும் நிலைபெயர்ந்து ஆடும். தோட்டத்திற் சுழன்று நீர் தெளிக்கும் குழாயைப் போல அப்போது வாயு திருகுசுருளாகும். சிலவிடத்துத் தட்டாகவும் திரளும். ஆர் ஸ்கல்ப்டோரிஸ் என்ற மீனைச் சூழ்ந்த அத்தகைய சுருளைச் சிலி நாட்டு அல்மா வானொலித் தொலைநோக்கி 2012இல் காட்டிற்று. 2020இல் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய மீன்கள் பலவற்றின் வாயு வடிவங்களுக்குத் துணைகளே காரணம் என்று கூறிற்று. இவ்வகை மீன்களுக்கெல்லாம் பெயர் தந்த மீராவுக்கும் ஒரு துணையுண்டு.

இவற்றுள் எதனையும் அறியும் வாய்ப்பு ஆச்சாரியாருக்கு இல்லை. ஒளியின் ஏற்றத்தாழ்வு ஒன்றே அவர் கண்டது. 1868 ஆகஸ்டு 18இன் முழுச் சூரிய கிரகணத்தை ஐதராபாத் நாட்டு வனபர்த்தியிலிருந்து நோக்கினார். 1872இல் இலண்டன் அரச வானியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 

என் மதிப்பிற் பெரிது வேறொன்று. 1874 டிசம்பரில் சுக்கிரன் சூரியனைக் குறுக்கே கடந்தபோது, பண்டிதர் ஒருவரோடு உரையாடும் பாங்கில் சிறு நூல் எழுதி, ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். பழைய வாய்பாடுகள் வானத்தோடு பொருந்தவில்லையெனில் திருத்தவேண்டும் என வாதாடினார். திருக்கணித பஞ்சாங்கமும் கணித்தார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே தம்மவர் வெறுப்புக்கு அஞ்சாது இதனைச் செய்தமையை எளிதென்று எண்ணற்க. நம்மவர் பயில ஒரு வானாய்வு நிலையம் வேண்டுமென்றும் சென்னை மக்களிடம் கேட்டார். அது எழுமுன்னரே, 1880 பெப்ரவரியில் அவர் காலமானார்.