பென்னிகுயிக்: தண்ணீர் தந்த அமானிதம்



தை பிறந்தால் நம் பகுதி விவசாயிகள் ஓர் ஆங்கிலேயரின் பிறந்த நாளுக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். கர்னல் ஜான் பென்னிகுயிக். 1841-ல் புனேயில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பொறியாளர். நன்மை செய்தவர் யாராக இருந்தாலும் நன்றி சொல்வது நம் மார்க்கம் கற்றுத் தந்த பண்பு.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். பசியில் மெலிந்த உடம்பைக் காலராவும் காய்ச்சலும் கொண்டுபோயின. தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு கடலில் கலந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் வைகை வறண்டு கிடந்தது.

அந்த ஆற்றைத் திருப்பும் யோசனை பழையது. 1808-ல் ஆய்வு செய்த கால்டுவெல் அது நடக்காது என்றார். 1867-ல் ரைவ்ஸ் வேறு திட்டம் கொடுத்தார். 1882-ல் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1887-ல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துப் போனது, மீண்டும் கட்டினார்கள். காட்டுக் காய்ச்சலில் எத்தனையோ தொழிலாளர்கள் இறந்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதே 1897-ல்தான் நிரூபணமானது. அதற்கு முன்பே, 1895-ல், சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது.

அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்பார்கள். அதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. செய்தியை விசாரித்துச் சொல்வதே நமக்கு அழகு. உறுதியானது இதுதான்: ஒருவர் விட்ட வேலையை அடுத்தவர் எடுத்துச் செய்தார். 1911-ல் அவர் இங்கிலாந்தில் மறைந்தார். தண்ணீர் நிற்கவில்லை. மதகைத் திறப்பவரும், வாய்க்காலைப் பராமரிப்பவரும், கணக்கு எழுதுபவரும் பெயர் தெரியாமலே தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வருகிறார்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களில் இருபோகம் விளைவது அதனால்தான்.

சகோதரர்களே! நல்ல மனிதர் ஒருவர் போய்விடுவார். நல்ல அலுவலகம் நிலைத்து நிற்கும். அது கெட்டால் முதலில் கெடுவது ஏழையின் உடம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரேஷன் கடையில், குடிநீர்த் தொட்டியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: அந்த நாற்காலி ஓர் அமானிதம், மறுமையில் அதைப் பற்றிக் கேள்வி உண்டு. சீக்கிரம் காரியம் ஆக வேண்டும் என்று கையூட்டு நீட்டும் நம் கைக்கும் கேள்வி உண்டு.

அமானிதத்தைப் பேணுபவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.