கிளாரி கிரிமெட்: கடல் கடந்து வென்ற சுழற்பந்து வீச்சாளர்

மேம்பட்ட வேலையையும் ஊதியத்தையும் நாடி, நியூசிலாந்தின் ஆக்லாந்து போன்ற நகரங்களில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்வோர் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். டாஸ்மன் கடலைக் கடக்கும் இந்த இடப்பெயர்வு புதியதல்ல. 1914ஆம் ஆண்டில் அவ்வாறு சென்ற ஓர் இளைஞரே, பின்னாளில் டெஸ்ட் கிரிக்கெட்டில் 200 விக்கெட்டுகளை வீழ்த்திய முதல் பந்துவீச்சாளர் என்ற பெருமையைப் பெற்ற கிளாரி கிரிமெட்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி டனீடின் நகரை அடுத்த கேவர்ஷமில் பிறந்த கிரிமெட், வெலிங்டனில் வளர்ந்தார். சிறுவயதில் வேகப்பந்து வீசவே அவர் விரும்பினார். அவரை லெக் ஸ்பின் பக்கம் திருப்பியவர் பள்ளி ஆசிரியர் ஒருவர். பெயர்ப்பலகை எழுதும் தொழிலைப் பயின்றுகொண்டே விளையாடி வந்த அவர், 1911-12 பருவத்தில் வெலிங்டன் அணிக்காக முதல்தரப் போட்டிகளில் அடியெடுத்து வைத்தார்.

ஆனால் திறமை வளரும் வேகத்திற்கு அங்கு வாய்ப்புகள் வளரவில்லை. ஆக்லாந்து, வெலிங்டன், கேன்டர்பரி, ஒடாகோ ஆகிய மாகாணங்கள் மோதிய பிளங்கெட் கேடயப் போட்டி, அக்காலத்தில் கேடயத்தை வைத்திருக்கும் அணிக்கு மற்றவை சவால் விடுக்கும் முறையில் நடைபெற்றது. இதனால் ஓர் ஆட்டக்காரருக்கு ஆண்டில் சில ஆட்டங்களே கிடைத்தன. நியூசிலாந்து தனது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியதே 1930ஆம் ஆண்டில்தான்.

எனினும், புதிய நாடும் அவரை உடனடியாக அரவணைக்கவில்லை. சிட்னியில் அவர் கால்பதித்த ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. ஷெஃபீல்டு கேடயப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. கழக அளவிலான ஆட்டங்களே எஞ்சின. பின்னர் மெல்பர்னுக்குச் சென்ற அவருக்கு விக்டோரியா அணியிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்ப்புகளே தரப்பட்டன. வீட்டின் பின்புறத்தில் ஆடுகளம் அமைத்து, தனியாகப் பந்துவீசிப் பயிற்சி செய்தே அவர் தனது கலையைக் கூர்மைப்படுத்தினார். மூன்றாவதாக அவர் நாடிய அடிலெய்டு நகரமும் தெற்கு ஆஸ்திரேலிய அணியுமே அவருக்கு நிலையான இடத்தை அளித்தன.

1925ஆம் ஆண்டு சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் களம் கண்டபோது அவருக்கு வயது 33. பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கும் அந்த வயதில், முதல் போட்டியிலேயே 11 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். 1930ஆம் ஆண்டு இங்கிலாந்து சுற்றுப்பயணத்தின் டெஸ்ட் போட்டிகளில் 29 விக்கெட்டுகளும், 1935-36இல் தென்னாப்பிரிக்காவில் 44 விக்கெட்டுகளும் அவருக்குக் கிடைத்தன. 37 போட்டிகளில் மொத்தம் 216 விக்கெட்டுகள். மிகக் குறைந்த போட்டிகளில் 200 விக்கெட்டுகளை எட்டியவர் என்ற அவரது சாதனையை, 2018ஆம் ஆண்டில்தான் பாகிஸ்தானின் யாசிர் ஷா முறியடித்தார்.

தென்னாப்பிரிக்கத் தொடரின் இறுதிப் போட்டியில் 13 விக்கெட்டுகளை வீழ்த்திய பின்னரும், தேர்வாளர்கள் அவரை மீண்டும் டெஸ்ட் அணிக்கு அழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 44. ஆஸ்திரேலியா நியூசிலாந்துடன் முதல் டெஸ்ட் போட்டியில் மோதியது 1946ஆம் ஆண்டில், அதுவும் அவர் வளர்ந்த வெலிங்டனில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, பிறந்த நாட்டை எதிர்த்து டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. 1980ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அடிலெய்டில் அவர் காலமானார்.

குடியேறி வென்றவர்களின் வரலாறு, பொதுவாகச் சென்றடைந்த நாட்டின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே சொல்லப்படுகிறது. கிரிமெட்டின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. அவரது கலைக்கு அடித்தளமிட்டது வெலிங்டன். அதற்கு மேடை தந்தது ஆஸ்திரேலியா. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த பத்தாண்டுகளுக்கு மேலான காத்திருப்பை அவர் தனியாகவே சுமந்தார். தாயகத்தில் பெற்ற தகுதிக்குப் புதிய நாட்டில் அங்கீகாரம் கிடைக்கும்வரை காத்திருக்கும் புலம்பெயர் தமிழர்களுக்கு, அந்தச் சுமை அந்நியமானதல்ல.