ஐந்து மாணவிகளுடன் தொடங்கிய பல்கலைக்கழகம்: மகரிஷி கார்வே வாழ்க்கை

மும்பையில் மரைன் லைன்ஸ், சர்ச்கேட் ஸ்டேஷன்களை ஒட்டிச் செல்லும் நீண்ட சாலைக்கு மகரிஷி கார்வே ரோடு என்று பெயர். வெள்ளைக்காரர்கள் காலத்தில் அது குயின்ஸ் ரோடு. தினமும் ஆபீசுக்கு ஓடும் அவசரத்தில் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து போகும் தமிழர்கள் ஏராளம்.

மகரிஷி என்றதும் காவி உடுத்திய சாமியார் என்று பலர் நினைக்கக்கூடும். ஆனால் கார்வே ஒரு கணக்கு வாத்தியார். மனைவி, மக்களோடு குடும்பம் நடத்தியவர். இந்தியப் பெண்களுக்கென்று முதல் பல்கலைக்கழகத்தை உண்டாக்கியவர் அவர்தான்.

அரசாங்கத்தின் உத்தரவு இல்லாமல், கஜானாவின் உதவி இல்லாமல் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம் அது. அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க 33 ஆண்டுகள் ஆயின.

நடந்தே போன மாணவன்

தோண்டோ கேசவ கார்வே 1858-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி கொங்கணக் கரையில் ரத்தினகிரி மாவட்டத்தில் பிறந்தார். வளர்ந்தது முருட் என்ற கடலோரக் கிராமத்தில். ஏழைக் குடும்பம்.

அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்புக்கு அரசாங்கப் பரீட்சை உண்டு. அதை எழுத 1875-ல் அவர் சதாராவுக்குப் புறப்பட்டார். 100 மைலுக்கும் அதிக தூரம். கொட்டும் மழையில், கும்பார்லி கணவாய் ஏறி, நான்கு நாள் நடந்து போய்ச் சேர்ந்தார்.

பரீட்சை எழுத 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கார்வேக்கு வயது ஆகியிருந்தது. ஆனால் ஆள் குள்ளம், ஒல்லி. அதிகாரி அவரைப் பார்த்துவிட்டு, வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வழியே ஊர் திரும்பினார்.

படிப்பை மட்டும் அவர் விடவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியபோது வயது 23. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1884-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பள்ளிக்கூட வேலை, அதற்கு மேல் டியூஷன் என்று வீடு வீடாக நடந்து பாடம் சொல்லிப் பிழைத்தார். அந்த வருமானத்திலும் ஒவ்வொரு ரூபாயிலிருந்து ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று எடுத்து வைப்பார். பிழைக்க வந்த முருட்காரர்களைச் சேர்த்து ஊருக்காக ஒரு நிதியும் தொடங்கினார்.

விதவையை மணந்தார்

1891-ல் புனா பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பிக்க கோகலே அழைத்தார். அதற்கு முன் அங்கே கணிதம் கற்பித்தவர் திலகர். மாதச் சம்பளம் 75 ரூபாய். அதே ஆண்டில் மனைவி ராதாபாய் காலமானார்.

மறுமணம் செய்துகொள்ளும்படி உறவினர் வற்புறுத்தினார்கள். செய்தால் விதவையைத்தான் மணப்பேன் என்று கார்வே சொல்லிவிட்டார்.

அவருடைய நண்பருக்கு கோதுபாய் என்று ஒரு தங்கை. எட்டு வயதில், கல்யாணமான சில மாதங்களிலேயே தாலி இழந்தவர். பண்டிதை ரமாபாய் நடத்திய சாரதா சதனத்தில் படித்துக் கொண்டிருந்தார். 1893 மார்ச் 11-ந் தேதி அவரை கார்வே மணந்தார். கோதுபாய் ஆனந்திபாய் ஆனார்.

முருட் கிராமம் கொதித்தது. ஊர் கூடி கார்வேயை விலக்கி வைத்தது. அவரை வீட்டில் தங்க வைத்தால் பெற்ற தாயும் சகோதரரும்கூட ஊரால் ஒதுக்கப்படுவார்கள் என்ற நிலை. வளர்ந்த ஊருக்குப் போனாலும் தாய் வீட்டில் தங்க வழியில்லை.

ஹிங்கணேயில் ஒரு குடிசை

விதவை மறுமணத்துக்காக கார்வே ஒரு சங்கம் நடத்தினார். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கல்யாணங்களைத்தான் நடத்தி வைக்க முடிந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் தலை மழிக்கப்பட்டு மூலையில் கிடந்தார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது படிப்பும் சொந்தக் காலில் நிற்கும் வழியும் என்று அவருக்குப் பட்டது.

1896-ல் புனாவில் விதவைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே வந்தால் மறுகல்யாணம் செய்து வைத்துவிடுவார்கள் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயம் நீங்க, மறுமண வேலையையும் இல்லத்தையும் கார்வே தனித்தனியாகப் பிரித்தார். சீர்திருத்தக்காரர்களே அவரைக் குறை சொன்னார்கள். பெண்கள் படிக்க வந்தால் போதும் என்று பொறுத்துக் கொண்டார்.

புனாவில் பிளேக் பரவியதால் 1900-ல் இல்லம் ஊருக்கு வெளியே ஹிங்கணே கிராமத்துக்கு மாறியது. முதலில் ஒரே ஒரு குடிசை. கல்லூரி வேலை முடிந்ததும் கார்வே சில மைல் நடந்து அங்கே போவார். மழைக்காலத்தில் கரிசல் மண் காலைப் பிடித்து இழுக்கும். சாமான்களைத் தாமே சுமந்து போய், மாலையில் பாடம் நடத்துவார்.

தம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் இல்லத்துக்கே எழுதி வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் என்று ஆனந்திபாய் கேட்டது நியாயம்தான். அந்த அம்மாள் நர்ஸ் பயிற்சி பெற்று, சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கினார். கார்வேக்குக் கிடைத்த புகழில் பாதி அவருக்குச் சேர வேண்டும்.

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆதவலேயும் விதவை. இல்லத்தில் படித்து, பிறகு அதற்காக ஊர் ஊராக நிதி திரட்டினார். அமெரிக்கா வரை போய் வீட்டு வேலை செய்து ஆங்கிலம் கற்று வந்தார்.

வழிகாட்டிய ஜப்பான்

1915-ல் டோக்கியோ பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று கார்வேக்கு வந்து சேர்ந்தது. அதைப் படித்ததும் அவர் மனத்தில் பெரிய திட்டம் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டின் தலைமை உரையில் அதை வெளியிட்டார்.

தாய்மொழியில் உயர்கல்வி. ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடம். சுகாதாரமும் குடும்ப நிர்வாகமும் பாடத்தில் உண்டு. தாய்மொழித் திட்டத்தை காந்திஜி வரவேற்றார். ஆங்கிலம் கட்டாயம் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. கார்வே தம் முடிவை மாற்றவில்லை.

1916-ல் இந்தியப் பெண்கள் பல்கலைக்கழகம் பிறந்தது. பண்டார்கர் வேந்தர். கணித மேதை பராஞ்சபே துணைவேந்தர். கல்லூரியில் சேர்ந்த மாணவிகள் ஐந்து பேர்!

அந்தப் பட்டத்தின் பெயர் பி.ஏ. அல்ல. க்ருஹீதாகமா, சுருக்கமாக ஜி.ஏ. அரசாங்க அங்கீகாரம் இல்லாத பட்டம். சர்க்கார் உத்தியோகத்துக்குக் காட்ட உதவாது. அதைத் தெரிந்துகொண்டே பெண்கள் படித்தார்கள். 1921-ல் முதன்முதலாக ஐந்து பேர் பட்டம் பெற்றார்கள்.

15 லட்சம் ரூபாய்

பம்பாய் மில் அதிபர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி உலகப் பயணத்தின்போது ஜப்பான் பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்தவர். 1920-ல் அவர் 15 லட்சம் ரூபாய் நன்கொடை அறிவித்தார். ஆண்டுக்கு 52,500 ரூபாய் வட்டி வரும். அவருடைய தாயார் நினைவாக ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டப்பட்டது. எஸ்.என்.டி.டி. என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

பெரிய பணம் வந்த பிறகும் கார்வே உட்கார்ந்துவிடவில்லை. 71 வயதில், 1929-ல் வெளிநாடு புறப்பட்டார். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் சுற்றினார். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே பிழைக்கப் போயிருந்த இந்தியர்களிடமும் நிதி திரட்டினார்.

1936-ல் பல்கலைக்கழகத் தலைமையகம் பம்பாய்க்கு மாறியது. அந்த ஆண்டிலேயே, பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களில் பள்ளி திறக்க கார்வே மற்றொரு சங்கம் தொடங்கினார்.

காலம் தாழ்ந்து வந்த முத்திரை

நாடு விடுதலை பெற்ற பின், 1949-ல் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 1951-ல் அது சட்டபூர்வமான பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கியது. துணைவேந்தர் ஆனவர் விட்டல்தாசின் மனைவி பிரேம்லீலா தாக்கர்சி. சட்டம் வந்தபோது கார்வேக்கு 91 வயது. அடுத்த ஆண்டு ஆனந்திபாய் மறைந்தார்.

1955-ல் பத்ம விபூஷண், நூறு வயது நிறைந்த 1958-ல் பாரத ரத்னா. அவர் உயிரோடிருக்கும்போதே தபால் தலையும் வெளியிடப்பட்டது. 1962 நவம்பர் 9-ந் தேதி, 104-வது வயதில் புனாவில் காலமானார்.

குடிசை இருந்த ஹிங்கணே இன்று கார்வே நகர். எஸ்.என்.டி.டி. இப்போது மகாராஷ்டிர மாநிலப் பல்கலைக்கழகம். சர்ச்கேட், ஜுஹு, புனே ஆகிய இடங்களில் அதன் வளாகங்கள் உள்ளன. அங்கே பட்டம் வாங்கும் பெண்ணிடம் இது செல்லுமா என்று யாரும் கேட்பதில்லை.

1949-க்கு முன் படித்த பெண்கள் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே படித்தார்கள். செல்லாத பட்டத்துக்காகப் பெண்ணை அனுப்பி வைத்த பெற்றோரும் இருந்தார்கள். கார்வேயை நம்பிய அந்தக் குடும்பங்களும் சேர்ந்து கட்டியதுதான் இந்தப் பல்கலைக்கழகம்.