கண்ணிழந்த தளபதி ஜான் ஜிஷ்கா

கோட்டை என்றதும் கருங்கல் மதிலும் ஆழ்ந்த அகழியுமே நம் நினைவுக்கு வரும். உழவர்தம் பாரவண்டிகளையே கோட்டையாக்கி, இரும்புக் கவசம் பூண்ட குதிரை வீரர்களை வென்றார் ஒரு தளபதி. அவரே பொஹீமிய நாட்டு ஜான் ஜிஷ்கா.

இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியே அன்றைய பொஹீமியா. அங்கே ஏறத்தாழ 1360-இல், வசதி குன்றிய சிறு பிரபுக் குடும்பமொன்றில் ஜிஷ்கா பிறந்தார். இளமையிலேயே ஒரு கண்ணை இழந்தார். போர்த்தொழிலே அவருக்குப் பிழைப்பாயிற்று. சமயச் சீர்திருத்தம் வேண்டிய ஜான் ஹஸ் என்னும் அறிஞர், 1415 ஜூலை 6-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழிநின்ற மக்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள்மீது 1420-இல் திருத்தந்தை சிலுவைப்போர் அறிவித்தார். அரசுரிமை கோரிய சிகிஸ்மண்டு மன்னன் படையெடுத்து வந்தான். அறுபது வயதை எட்டியிருந்த ஜிஷ்கா மக்கள் படையின் தளபதிகளுள் ஒருவரானார்.

அப்படையில் பெரும்பாலோர் உழவரும் கைவினைஞருமே. அவர்களுக்குக் குதிரையில்லை, கவசமில்லை. திறந்த வெளியில் நின்றால் குதிரைப்படை மிதித்தழித்துவிடும். எனவே, அவர்களிடம் இருந்ததைக் கொண்டே ஜிஷ்கா அரண் அமைத்தார். பாரவண்டிகளை நெருக்கமாக நிறுத்திச் சங்கிலியால் பிணைத்தார். வெளிப்புறத்தில் தடித்த பலகைகளைத் தொங்கவிட்டார். வண்டிக்கு ஏறத்தாழ 20 பேர் இருந்தனர். சிலர் விசைவில்லும் வெடிகுழலும் ஏந்தினர். ஏனையோர் ஈட்டியும், கதிரடிக்கும் கோலில் இரும்பு முள் பதித்த ஆயுதமும் தாங்கினர். வண்டிகளுக்கிடையே பீரங்கிகள் நின்றன. பாய்ந்து வரும் பகைவனின் வேகம் அரணில் மோதித் தளரும். தளர்ந்த அக்கணமே உள்ளிருந்தோர் வெளிப்பட்டுத் தாக்குவர். அரண் ஒளிந்துகொள்ளும் இடமன்று. தாக்குதலுக்குரிய தருணத்தை உண்டாக்கும் கருவி என்பதே ஜிஷ்காவின் போர்முறை.

1420 மார்ச் 25-இல் சுதோமேரில் சுமார் 400 பேருடனும் 12 வண்டிகளுடனும், மீன்குளக் கரைகளைத் துணையாகக் கொண்டு, பன்மடங்கு பெரிய படையைத் தடுத்து நிறுத்தினார். ஜூலை 14-இல் பிராக் நகரருகே விட்கோவ் குன்றில், மரமும் மண்ணும் கொண்டு எழுப்பிய சிற்றரணைச் சிலரே காத்தனர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். பகைவர் அதில் முட்டிநின்ற வேளையில் ஜிஷ்கா பக்கவாட்டில் பாய்ந்து அவர்களை முறியடித்தார்.

1421-இல் ராபிக் கோட்டை முற்றுகையில் மறு கண்ணும் போயிற்று. ஆயினும் அவர் ஓய்ந்தாரில்லை. அவ்வாண்டு டிசம்பரில் குட்னா ஹோராவில் பகைப்படை சூழ்ந்தபோது, வண்டிகளை அணியாக ஓட்டி, சுட்டுக்கொண்டே முற்றுகையைப் பிளந்து வெளியேறினார். அடுத்த மாதமே சிகிஸ்மண்டைத் துரத்தியடித்தார்.

1423-இல் அவர் வகுத்த படைவிதிகளின்படி, தவறு செய்தவன் பிரபுவாயினும் உழவனாயினும் தண்டனை உண்டு. கைப்பற்றிய பொருள் அனைவருக்கும் நேர்மையாகப் பங்கிடப்பட வேண்டும். மாற்றுக் கொள்கையினரிடம் அவர் கொடுமையாக நடந்துகொண்டதையும் வரலாறு மறைக்கவில்லை.

1424 அக்டோபர் 11-இல் ஜிஷ்கா நோயால் மறைந்தார். தந்தையை இழந்தோமென அவருடைய வீரர்கள் தங்களை அநாதைகள் என்றே அழைத்துக்கொண்டனர். பத்தாண்டுகளுக்குப் பின், ஹஸ் வழியினர் தம்முள் பிளவுபட்டு, 1434 மே 30-இல் லிபானியில் ஒருவரையொருவர் எதிர்த்தனர். பகைவர் ஓடுவதாக நடித்ததை நம்பி, வண்டிக்கோட்டையைத் திறந்து வெளியே பாய்ந்தோர் அழிந்தனர்.

இளைஞர்களே! அதே வண்டிகள்தாம், அதே சங்கிலிகள்தாம். ஒற்றுமையும் கட்டுப்பாடும் தளர்ந்தபோது அவை காக்கவில்லை. கையிலிருக்கும் எளிய கருவியை அறிவால் அரணாக்கலாம். அந்த அரணை நிலைநிறுத்துவது அதனுள் நிற்போரின் ஒற்றுமையே. ஜிஷ்காவின் வாழ்வும், அவருக்குப் பின் நேர்ந்த வீழ்ச்சியும் ஒருசேர உணர்த்தும் பாடம் இதுவே.